அடுப்புக்குப் பிழை, அத்தைக்குச் சடங்கு

போன வருடம் சிங்கப்பூரின் பொங்கோலில் அக்கா மகளின் புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போயிருந்தோம். பதிவு செய்தவர்களுக்கு வீடமைப்பு வாரியம் கட்டித் தருகிற பிடிஓ வீடு. சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு, கறுப்புக் கண்ணாடி போலப் பளபளவென்று இருந்தது. அத்தை புது எவர்சில்வர் பாத்திரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பாலை ஊற்றி, கைகூப்பி நின்றார். பால் நுரைத்து எழும்பி விளிம்பைத் தாண்டியது. நாலு சொட்டு கண்ணாடித் தட்டில் விழுந்ததுதான் தாமதம், அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டுத் தானாக அணைந்துவிட்டது. பால் மளமளவென்று கீழே இறங்கியது.

“இது பொங்கினது இல்ல கண்ணு, கசிஞ்சது” என்றார் அத்தை.

மறுபடி பற்ற வைத்தோம். மறுபடி நாலு சொட்டு, பீப் பீப். இதற்கிடையே கூடத்தில் போட்ட சாம்பிராணி, கூரையில் இருந்த தீ எச்சரிக்கைக் கருவியை எழுப்பிவிட்டது. 2018 ஜூனுக்குப் பிறகு கட்டிய வீடுகளில் எல்லாம் இந்தக் கருவி கட்டாயம். மாப்பிள்ளை நாற்காலி மேல் ஏறி அட்டைப் பெட்டி மூடியால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தார். கடைசியில் ஸ்டீம்போட் வைக்கிற சின்ன கேஸ் அடுப்பை அடுத்த வீட்டுச் சீன அம்மாவிடம் வாங்கி வந்து மூன்றாம் தடவை வைத்தோம். பால் நன்றாகப் பொங்கி, அடுப்பெல்லாம் வழிந்து, தரைக்கும் போனது. அத்தை முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. கேஸ் அடுப்பைக் கொடுத்த அம்மாவும் வாசலில் நின்று கைதட்டினார். அவர் வீடு புகுந்த அன்று வாசற்படியிலிருந்து உள்ளே அன்னாசிப்பழத்தை உருட்டிவிட்டாராம். ஹொக்கியனில் அன்னாசியின் பெயர், செல்வம் வருகிறது என்பதுபோல் ஒலிக்கும்.

தரையைத் துடைத்துக்கொண்டே அக்கா மகள் கேட்டாள்: “இந்தக் காலத்துல இதெல்லாம் தேவையா மாமா?”

அந்த அடுப்பை வடிவமைத்தவருக்குப் பால் வழிவது ஒரு பிழை. அதைத் தடுக்கத்தான் அவ்வளவு தொழில்நுட்பம். அத்தைக்கோ வழிவதுதான் காரியமே. அவள் கேள்விக்கு அன்று பதில் சொல்லவில்லை, கையில் வடை இருந்தது. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அந்தச் சொல். தமிழில் ‘சடங்கு’ என்ற சொல்லே பாதி வசவாகிவிட்டது. ‘வெறும் சடங்குக்காகக் கூட்டம் போட்டார்கள்’ என்றால் உள்ளே சரக்கில்லை என்று பொருள். ஆராய்ச்சியாளர்களும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் தொடங்குகிறார்கள், ஆனால் திட்டுவதற்காக அல்ல. செய்கிற செயலுக்கும் எதிர்பார்க்கிற பலனுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிந்த தொடர்பு இல்லை, ஆனால் செய்முறை மட்டும் கறாராக இருக்கிறது. அப்படியானால் அது சடங்கு. கை அழுக்குப் போகும்வரை கழுவினால் அது கழுவுதல். அழுக்கே இல்லாத கையில் மூன்று முறை, மூன்றே முறை, தண்ணீர் விட்டால் சடங்கு. பால் குடிக்க வேண்டுமென்றால் வழியாமல் காய்ச்சுவதுதான் சாமர்த்தியம்.

டச்சு நாட்டு அறிஞர் ஃபிரிட்ஸ் ஸ்டால் 1975ல் கேரளத்தின் பாஞ்ஞாள் ஊரில் நம்பூதிரிகள் நடத்திய 12 நாள் அக்னி வேள்வியைப் படமெடுத்துப் பதிவு செய்தவர். சடங்குக்கு அர்த்தமே கிடையாது, விதிகள் மட்டும்தான் உண்டு என்று பின்னர் வாதிட்டார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று வேள்வி செய்தவர்களைக் கேட்டால், முன்னோர் செய்தார்கள் என்பதுதான் அவர்கள் பதிலாக இருந்தது. அத்தையைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். அர்த்தமே இல்லை என்கிற அளவுக்கு நான் போகமாட்டேன். ஆனால் அர்த்தம் பின்னால்தான் வருகிறது, செய்முறை முன்னால் நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ளலாம்.

சரி, நவீன காலம் இதில் எதைக் குறைத்தது?

ஒன்றை நிச்சயமாகக் குறைத்திருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் பப்புவா நியூ கினியை ஒட்டிய டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்தார். அங்கே காயலில் மீன் பிடிப்பது சுலபம், ஆபத்தும் இல்லை, மீனும் நிச்சயம். அதற்கு மந்திரம் எதுவும் கிடையாது. அதே ஆட்கள் ஆழ்கடலுக்குப் போகும்போது மட்டும் மந்திரமும் சடங்கும் விரிவாக நடந்தன. எங்கே கை தேர்ந்த திறமை போதுமோ அங்கே சடங்கு இல்லை. எங்கே உயிர் அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கிறதோ அங்கே உண்டு.

இந்த வகையில் பார்த்தால் நம் பாட்டன் பாட்டி சடங்குகளில் பாதி ஆழ்கடல் சடங்குகள். பிள்ளை பிழைக்குமா, மழை வருமா, கப்பல் போய்ச் சேருமா என்ற பயங்கள். தடுப்பூசியும் குழாய்த் தண்ணீரும் வந்தபின் அந்தக் கடல் காயலாகிவிட்டது. நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராபிள்ஸோடு 1819ல் இங்கே வந்த நாராயண பிள்ளை முன்னின்று 1827ல் எழுப்பிய சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். மாரியம்மன் என்றாலே அம்மை நோய்க்கு அஞ்சி வணங்கிய தெய்வம். இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை 1977ல் சோமாலியாவில் வந்தது. 1980ல் நோயே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தேவை தீர்ந்தால் சடங்கு தீரும் என்பது உண்மையானால் அன்றே மாரியம்மன் கோயில்களில் கூட்டம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. ஐப்பசியில் தீமிதிக்கு இன்றும் சாலையை அடைக்கிறார்கள். நோய் போய்விட்டது, அம்மன் வேறு வேலைகளை எடுத்துக்கொண்டாள்: பரீட்சை, விசா, கருத்தரிப்பு, வேலை நிரந்தரம்.

பயம் குறைந்தது, சடங்கு அதே அளவில் குறையவில்லை. இங்கேதான் பரிணாமம் பற்றிய கேள்வி வருகிறது. மனிதன் ‘வளர்ந்துவிட்டான்’, இனி இதெல்லாம் வேண்டாம் என்கிறவர்கள் பரிணாமத்தை ஏதோ பள்ளிக்கூட வகுப்பு மாதிரி நினைக்கிறார்கள், வருடா வருடம் தேர்ச்சி பெற்று மேலே போவதுபோல். சிங்கப்பூருக்கு ராபிள்ஸ் வந்து 200 ஆண்டு சொச்சம். தலைமுறைக் கணக்கில் எட்டு. நாகரிகம் எட்டுத் தலைமுறையில் தலைகீழாக மாறும். மண்டையோட்டுக்குள் இருப்பது மாறாது.

அந்த மண்டையோட்டின் வயது என்ன? இஸ்ரேலில் கஃப்சே என்ற குகையில் 90,000 ஆண்டுக்கும் மேற்பட்ட புதைகுழிகள் கிடைத்தன. ஒன்றில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை, தலையில் ஆழ்ந்த காயம் பட்டு ஆறிய தடம். கைகளருகே மானின் கொம்புகள் வைக்கப்பட்டிருந்தன. இறந்தவர்களுக்கு மான்கொம்பால் ஒரு பயனும் இல்லை என்பது வேட்டையாடி வாழ்ந்தவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். துருக்கியில் கொபெக்லி தெபே என்ற மேட்டில் 11,000 ஆண்டுக்கு முன்பே பெரிய கற்றூண்களைச் செதுக்கி வட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் இன்னும் விவசாயமே தொடங்காத வேட்டைக்காரர்கள். அது கூடிச் சடங்கு செய்த இடம் என்பதே தோண்டியவர்கள் முன்வைத்த விளக்கம். அப்படியானால் மனிதர்கள் வயலுக்கு முன்பே இதற்காகக் கூடியிருக்கிறார்கள்.

பரிணாமம் நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. வளர்ந்தபின்னும் பாலைச் செரிக்கும் திறன் கடந்த 10,000 ஆண்டுக்குள்தான் சில மக்களிடம் பரவியது. (பால்குடம் சுமக்கிற நம்மில் எத்தனையோ பேருக்கு இன்றும் ஒரு டம்ளர் பால் வயிற்றைக் கலக்கும். முருகன் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.) ஆனால் சடங்கு ஏதோ ஒரு நொதியை நம்பி இருப்பதில்லை. பின்பற்றிக் கற்கும் புத்தி, கூட்டத்தோடு ஒன்றும் உடம்பு, ஆபத்தை முன்கூட்டியே நினைத்துக் கலங்கும் மனம் என்று பல ஆணிவேர்கள் அதற்கு.

அதில் முதல் வேரை அழகாகக் காட்டிய சோதனை ஒன்று 2005ல் வெளிவந்தது. விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் இருவரும் உகாண்டா சரணாலயத்தில் வளரும் சிம்பன்சிகளுக்கும், ஸ்காட்லாந்தின் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் ஒரே பெட்டியைக் காட்டினார்கள். உள்ளே பரிசு. செய்து காட்டுபவர் ஒரு குச்சியால் பெட்டியின் மேலே குத்தி, தட்டி, பிறகு முன்பக்கக் கதவைத் திறந்து பரிசை எடுப்பார். மேலே குத்துவதால் ஒரு பயனும் இல்லை. பெட்டி கறுப்பாக இருந்தபோது இரு தரப்பும் எல்லாவற்றையும் அப்படியே செய்தன. உள்ளே தெரியும் கண்ணாடிப் பெட்டியைக் கொடுத்ததும் சிம்பன்சிகள் வீண் வேலையை விட்டுவிட்டு நேராகக் கதவுக்குப் போயின. குழந்தைகளோ, குத்துவது வீண் என்று கண்ணெதிரே தெரிந்தும், குத்தி, தட்டி, பிறகே கதவைத் திறந்தார்கள்.

முதல் பார்வைக்குக் குரங்கு கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். மரவள்ளியின் நஞ்சை நீக்கத் துருவி, ஊறவைத்து, பிழிந்து, காத்திருக்கும் முறையை ஒருவர் தன் புத்தியாலேயே கண்டுபிடித்துவிட முடியுமா? ஏன் என்று தெரியாமலே பெரியவர்கள் செய்வதைப் படிப்படியாகச் செய்தவர்களின் பிள்ளைகள்தான் பிழைத்தார்கள். ‘காரணம் அப்புறம், முதலில் அப்படியே செய்’ என்பதுதான் நம் இனத்தின் பெரிய மூலதனம். அதன் வட்டியில் பலகாரச் சமையலும் வந்தது, பால் பொங்கும் திசை பார்ப்பதும் வந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் வெட்டிவிடுவது லேசான காரியம் இல்லை.

கடினமானவை ஏன் நிலைக்கின்றன?

எங்கள் உறவு வட்டத்தில் எனக்கு நெடுநாளாக ஒரு புதிர். எளிதான சடங்குகள் உதிர்ந்துகொண்டே வருகின்றன. வெள்ளிக்கிழமை விளக்கு, வாசல் கோலம் (ஐந்தாம் மாடி நடைபாதையில் கோலம் ஸ்டிக்கராகிப் பல வருடமாயிற்று), அமாவாசைப் படையல் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. ஐந்து நிமிட வேலை, ஆனால் செய்ய ஆளில்லை. அதே வீடுகளில் 48 நாள் விரதமிருந்து, கறி மீன் தொடாமல், தரையில் படுத்து, உடம்பில் அலகு குத்திக் காவடி தூக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வாரம் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். சௌகரியம் பெருகினால் சடங்கு குறையும் என்றால் முதலில் போக வேண்டியது காவடிதானே?

அரசாங்கமும் அதற்குச் சௌகரியம் செய்து கொடுத்துவிடவில்லை. 1968ல் பொது விடுமுறைப் பட்டியலைச் சுருக்கியபோது தைப்பூசம் போனது. 1973லிருந்து ஊர்வலப் பாதையில் இசைக்குத் தடை வந்தது. பல்லாண்டு கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 2016ல் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதித்தார்கள். விடுப்பு எடுத்து, நேரம் பதிவு செய்து, சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் காவடி தளரவில்லை. சீன பக்தர்களும் சிலர் தூக்குகிறார்கள்.

இதற்கு ஒரு விளக்கம் முருகனின் வாகனத்திலிருந்தே கிடைக்கிறது. மயிலின் தோகை அதற்குப் பெரும் சுமை. வளர்க்கவும் தூக்கிச் சுமக்கவும் செலவு. 1975ல் அமோட்ஸ் சகாவி என்ற உயிரியலாளர் சொன்னார்: சுமையாக இருப்பதால்தான் அது நம்பத்தக்க அடையாளம். இவ்வளவு பாரத்தோடும் பிழைத்திருக்கிறேன் என்பதைப் போலியாகக் காட்ட முடியாது. மனிதர்களிடமும் வாய்ச்சொல் மலிவு, வலி மலிவல்ல. கன்னத்தில் அலகோடு நடக்கிறவர் ‘நான் உங்களில் ஒருவன்’ என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இதைக் களத்தில் போய்ப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மொரீசியஸ் தமிழர்களின் தைப்பூசத்தைத் திமிட்ரிஸ் ஸிகலாட்டஸ் என்ற மானிடவியலாளரின் குழு ஆராய்ந்து 2013ல் எழுதியது. வந்தவர்களுக்குக் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, அதிலிருந்து விரும்பியதை யாருக்கும் தெரியாமல் கோயில் நிதிக்குப் போடச் சொன்னார்கள். வெறும் கூட்டுப் பிரார்த்தனை முடித்து வந்தவர்களைவிடக் காவடி எடுத்தவர்கள் அதிகம் கொடுத்தார்கள். வலி அதிகம் என்று சொன்னவர்கள் இன்னும் அதிகம். கூடவே நடந்துவந்து பார்த்தவர்களும் பின்தங்கவில்லை. ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் தீமிதிக்கிறார்கள். அங்கே நெஞ்சில் கருவி கட்டி அளந்தபோது, நெருப்பில் நடந்தவரின் இதயத் துடிப்பு ஏறி இறங்கியதோடு சேர்ந்து, கூட்டத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களின் துடிப்பும் ஏறி இறங்கியது. ஊர் பெயர் தெரியாத சுற்றுலாப் பயணிகளின் துடிப்பு தன் பாட்டுக்கு இருந்தது. காவடிக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டிலோடு நடக்கும் அம்மாக்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வுக் கருவி தேவையில்லை.

ஐந்து நிமிட விளக்கு ஏன் அணைந்தது என்பதற்கும் இதிலேயே பதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதை யாரும் பார்ப்பதில்லை, அதற்கு யாரும் துணை வருவதில்லை. கூட்டுக் குடும்பத்தில் பாட்டி பார்த்துக்கொண்டிருந்தார். நாலறை வீட்டில் கணவனும் மனைவியும் இரவு எட்டு மணிக்கு வேலையிலிருந்து திரும்பினால் விளக்கு யாருக்காக? நவீன வாழ்க்கை குறைத்தது நேரத்தையும் சொல்லிக்கொடுக்கிற ஆட்களையும். தேவை அப்படியே கிடக்கிறது, போக இடமில்லாமல்.

பத்துப் பேர்

தேவை கிடக்கிறது என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2020 ஏப்ரல் 7லிருந்து ஜூன் 1 வரை நாடே முடங்கியிருந்த நாட்களில் எங்கள் சித்தப்பா தவறிப்போனார். கொரோனா இல்லை, இதயம். துக்கத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது என்பது விதி. அவருக்குப் பிள்ளைகள் நாலு பேர், மருமக்கள், பேரப்பிள்ளைகள். பத்தில் யார் யார் என்று ஃபோனிலேயே பட்டியல் போட்டோம். ஐயர் ஒருவர், அதுவும் கணக்கில் சேரும். தாய்மாமன் முறைக்காரர் வெளியே நின்றார். நெய்ப்பந்தம் பிடிக்க ஒன்பது பேரப்பிள்ளைகள் இருந்தும் இரண்டு பேர்தான் வர முடிந்தது. வீட்டுக்குக் கீழே அந்தத் திறந்த தளத்தில் கூடாரம் கட்டி நாற்காலி போட்டு, இரவெல்லாம் சீட்டும் காப்பியுமாகக் கண்விழிக்கிற கூட்டம் கிடையாது. மற்றவர்கள் ஜூமில் பார்த்தோம்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. திரையில் நாற்பது சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் அழுத முகம். எங்கள் வீட்டில் அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். ஒரு பிடி அரிசியோடு திரும்பி வந்து, ஃபோன் சாய்த்து வைத்திருந்த மேசை மேல், திரைக்கு முன்னால், மூன்று தடவை போட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. மண்டாய் தகனச்சாலைக்கு வண்டி கிளம்பியதும் அம்மா தலைக்குக் குளித்தார், துக்க வீட்டுக்கு நேரில் போய் வந்தவர் மாதிரி. செய்ய வேண்டியதில் நமக்கென்று ஒரு பங்கு இல்லாவிட்டால் துக்கம் எங்கே போய் உட்காரும் என்று அன்று தெரிந்தது.

அமெரிக்க ஆய்வாளர்கள் மைக்கேல் நார்ட்டன், பிரான்செஸ்கா ஜினோ 2014ல் இதையே வேறு விதமாகக் கண்டார்கள். இழப்புக்குப் பின் ஏதாவது ஒரு சடங்கு செய்தவர்களுக்குத் துயரம் தணிந்தது. கை நழுவிப் போன வாழ்க்கை கொஞ்சம் கைக்குத் திரும்பியது போன்ற உணர்வுதான் காரணம். சடங்கில் நம்பிக்கை இல்லை என்று சொன்னவர்களுக்கும் பலன் இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், மக்கள் குறிப்பிட்ட சடங்குகளில் மதம் சார்ந்தவை வெகு சிலவே. இறந்த கணவர் செய்துவந்தது போலவே வாரா வாரம் காரைக் கழுவிய ஒரு பெண்ணும் அதில் உண்டு.

இங்கே துக்க விடுப்பு சட்டப்படி கட்டாயம் கிடையாது. நிறுவனம் மனம் வைத்தால் இரண்டு மூன்று நாள். அதற்குள் உடலை எடுத்து, தகனம் முடித்து, சாம்பலை வாங்கி, கடலில் கரைத்தாக வேண்டும். செமக்காவ் தீவுக்குத் தெற்கே அதற்கென்று இடம் குறித்துத் தந்திருக்கிறார்கள். பதினாறாம் நாள் காரியம் பல வீடுகளில் அருகிலுள்ள ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்துவிட்டது. நகர்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பதினாறு நாள் என்பது சாஸ்திரத்துக்கு மட்டும் இல்லை. அத்தனை நாள் ஒரு வீட்டுக்கு யாராவது சோறு கொண்டு வந்துகொண்டே இருப்பார்கள் என்பதற்கும் சேர்த்துத்தான். மூன்றே நாளில் எல்லாம் முடித்துத் தருகிற தொகுப்புச் சேவையில் அந்தச் சோறு கிடையாது.

புதிதாகப் பிறப்பவை

2020 கணக்கெடுப்பில் மதம் இல்லை என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 20 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன் 17. இந்தியர்களிடையே அப்படிச் சொல்பவர்கள் குறைவு. மதம் குறையலாம், அதோடு சடங்கும் குறையுமா என்பது வேறு கணக்கு. பள்ளிக்கூடத்துக்குக் காலை ஏழரைக்குப் போய்ப் பாருங்கள். கொடி ஏறுகிறது, எல்லாரும் நிற்கிறார்கள், வலக்கையை மூடி நெஞ்சின் மேல் வைத்து ஒரே குரலில் உறுதிமொழி. அதை 1966ல் எழுதியவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்தினம். தேசம் பிறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சட்டம் இருந்தது, போலீஸ் இருந்தது, அவை போதாது என்று பட்டதால்தானே தினமும் சொல்ல ஒரு வாசகம் வேண்டியிருந்தது?

சீனப் புத்தாண்டில் அலுவலகத்தில் பச்சை மீன் சாலட்டை எல்லாருமாகச் சேர்ந்து உயரத் தூக்கிக் கிளறுகிறோமே, அந்த லோ ஹேயின் இன்றைய ஏழு வண்ண வடிவம் 1964ல் சிங்கப்பூரில் நான்கு சமையற்கலைஞர்கள் உருவாக்கியது என்பார்கள். மலேசியர்கள் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள், அது வேறு கதை. ஒவ்வொரு பொருளைப் போடும்போதும் ஒரு வாழ்த்து உண்டு. கேட்டால் ஆதி காலத்துச் சடங்கு போலத்தான் இருக்கும், வயதோ என் அக்காவின் வயது. 2021ல் எச்சில் தெறிக்கும் என்று அந்த வாழ்த்துகளைச் சொல்லக் கூடாது என்று விதி வந்தபோது, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு முகக்கவசத்தோடு மௌனமாகக் கிளறினார்கள். சாலட்டைச் சும்மா சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

நம்மிடத்திலேயே இதைவிடப் பெரிய சாட்சி இருக்கிறது. 1929-30ல் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து போன பிறகு இங்கே சீர்திருத்த இயக்கம் வேரூன்றியது. அதன் முன்னணியில் நின்ற கோ. சாரங்கபாணி 1935ல் தமிழ் முரசைத் தொடங்கினார். மூடச் சடங்குகளை ஒழிக்கப் பேனா எடுத்தவர். அவரே 1952ல் பொங்கலையொட்டித் தமிழர் திருநாளைத் தொடங்கி வைத்தார். சாதி மத வேறுபாடு இல்லாமல் தமிழர் எல்லாரும் கூட ஒரு நாள் வேண்டும் என்றார். சடங்கை எதிர்த்தவருக்கும் கூடுவதற்கு ஒரு நாள், ஒரு மேடை, ஒரு முறை தேவைப்பட்டது. சுயமரியாதைத் திருமணத்தையும் பாருங்கள். ஐயர் இல்லை, அக்கினி இல்லை, சமஸ்கிருதம் இல்லை. ஆனால் மாலை மாற்றிக்கொள்கிறார்கள், உறுதிமொழி சொல்கிறார்கள், தலைவர் பேசுகிறார், ஊர் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967ல் தமிழகச் சட்டம் அதை ஏற்றபோதும் அதன் செய்முறை எழுதி வைக்கப்பட்டது.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. சீர்திருத்தக்காரர்களுக்குத் தெரிந்திருந்த ஒன்று, ‘எல்லாச் சடங்கும் நம் பண்பாடு’ என்று இன்று பூசி மெழுகுகிறவர்களுக்குத் தெரியவில்லை. சடங்கு வேண்டும் என்பதற்கும் இந்தச் சடங்குதான் வேண்டும் என்பதற்கும் நடுவே நிறைய இடைவெளி இருக்கிறது. கூட்டத்தை ஒட்டவைக்கும் அதே பசைதான், யாரை வெளியே தள்ளுவது என்பதையும் தீர்மானிக்கிறது. கணவன் போன எட்டாம் நாளோ பதினாறாம் நாளோ ஒரு பெண்ணை உட்கார வைத்து, பூவும் பொட்டும் வளையலும் கடைசியாக ஒரு முறை போட்டுப் பார்த்துப் பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றுகிற காரியம் எந்தத் துக்கத்தையும் தணித்து நான் பார்த்ததில்லை. சித்தி விஷயத்தில் பத்துப் பேர் விதியைக் காரணம் காட்டி அதைச் செய்யாமலே விட்டோம். பிற்பாடும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் இன்றும் பொட்டு வைத்துக்கொள்கிறார். பெரியவளான பெண்ணைக் கூடத்தில் உட்கார வைத்து ஊருக்கு அறிவிக்கும் சடங்கும் பல வீடுகளில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் போகட்டும் என்பார்கள்.

பொங்கோலுக்கு வருவோம். அக்கா மகள் கேட்ட கேள்வியை நான் அவளிடமே திருப்பிக் கேட்டிருக்கலாம். கல்யாணத்துக்கு முன்பே பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்த ஜோடி, சாவி வாங்கிய மூன்று மாதத்துக்குள் திருமணப் பதிவுச் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். அதனால் இங்கே பல பிள்ளைகள் முதலில் பதிவை முடித்துவிட்டு, ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்துத்தான் கல்யாணம் வைத்துக்கொள்கிறார்கள். இவர்களுக்கும் அப்படித்தான். பதிவு நாளன்று கையெழுத்துப் போட்டு, மோதிரம் மாற்றி, எங்களுக்கு ஹோட்டலில் மதிய உணவும் வாங்கிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து சட்டத்தின் பார்வையில் கணவன் மனைவி. அன்று சாயங்காலமே அவள் அப்பா வீட்டுக்கும் அவர் அம்மா வீட்டுக்கும் தனித்தனி எம்ஆர்டி ரயில் பிடித்துப் போனார்கள். பதினாலு மாதம் அப்படியே. யாரும் தடுக்கவில்லை, படித்த பிள்ளைகள், நினைத்திருந்தால் சேர்ந்து போயிருக்கலாம். தாலி கட்டிய பிறகுதான் ஒரு வீட்டுக்குப் போனார்கள்.

பால் பொங்கி முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, “கல்யாணம் ஆகி எவ்வளவு நாளாச்சு?” என்று அடுத்த வீட்டு அம்மா கேட்டார். ஏழு மாதம் என்றாள் அவள். அப்படியானால் பதிவு செய்த தேதி எது என்று நான் கேட்டேன். அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை கூரையில் இருந்த தீ எச்சரிக்கைக் கருவியைப் பார்த்தார்.

“ஃபைல்ல இருக்கும் மாமா” என்றார், “பார்த்துத்தான் சொல்லணும்.”